பில்லில் தேதி தெரியுதா?

தங்கச்சிமடத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதிக் கொடுப்பதும் அதோடு சேர்ந்த வேலை. நான் வக்கீல் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். பிராது எப்படி வழக்காக நம்பராகிறது, எந்தக் குறைக்கெல்லாம் ரிட்டர்ன் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்பது அங்கே பார்த்துப் பழகியது. கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "கேஸ் போட எவ்வளவு கட்டணும் தங்கச்சி?" நான் திருப்பிக் கேட்பது, "பில்லைக் காட்டுங்கண்ணே, தேதி என்ன?" அதற்குத்தான் பதில் வராது.

கட்டணத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. மாவட்ட ஆணையத்தின் வரம்பு அந்த 50 லட்சத்தோடு முடிகிறது. பார்ப்பது கொடுத்த விலையை மட்டும்தான். நஷ்ட ஈடு எவ்வளவு கேட்டாலும் கட்டணம் ஏறாது. செல்போன், பிரிட்ஜ், ஐஸ் பெட்டி, வள்ளத்து இன்ஜின் என்று நம் பக்கத்துச் சண்டைகள் பெரும்பாலும் அந்த 5 லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை, நீங்களே நின்று பேசலாம். வக்கீல் வேண்டும், காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் கேட்காமலே அங்கே இலவச வக்கீல் உண்டு. இது தெரியாத அக்காமார் இந்தக் கரையில் எத்தனையோ பேர்.

கேஸ் என்றாலே நிறையக் கட்டணும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்றால் சிவில் கோர்ட்டிலிருந்து. கைமாத்துக் கொடுத்த பணத்துக்கு அங்கே கேஸ் போட்டால் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணமாக ஸ்டாம்பு கட்டவேண்டும். 2017-க்கு முன்னால் அது ஏழரை சதவீதம். அந்தக் காலத்தில் 2 லட்சம் கடன் நோட்டுக்கு 15,000 கட்டிய அப்பாவின் கதையைப் பிள்ளை கேட்டு வளர்ந்திருக்கும், இன்றைக்கு அதே நோட்டுக்கு 6,000தான் என்பது அதற்குத் தெரியாது. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமாதானமாகிவிட்டால் கட்டியதும் திரும்பி வரும். ஆனால் அங்கேயும் பணம் கேட்க மூன்று வருஷம்தான் கெடு. அது தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட சிவில் வழக்கில் வழி இல்லை.

நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு வருஷம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 69-வது பிரிவு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து என்று சட்டம் சொல்கிறது. அந்த நாள் எது என்று வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். உங்களுக்கு எதற்கு அந்த வம்பு? பில் தேதியிலிருந்து எண்ணுங்கள், தப்பாது.

கடைக்காரனுக்கு இந்தக் கெடு நன்றாகத் தெரியும். நம் ஊரில் அவனுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. "தடைக்காலம் முடியட்டும்ணே, அப்புறம் பாப்போம்" என்பான். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் அப்படியே போகும். சின்ன வள்ளத்துக்குத் தடைக்காலமே இல்லை என்பது அவனுக்கும் தெரியும், இருந்தாலும் சொல்வான். அப்புறம் கம்பெனி ஆள் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை, காத்தும் மழையும். நாலு தடவை போனில் பேசியதால் கெடு நீளாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் நீளாது. நோட்டீஸ் அனுப்பிவிட்டோம், கேஸ் போட்ட மாதிரிதான் என்று நம்பிக்கொண்டு இருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

எங்கள் தெருவில் நாட்டுப்படகு வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின் வாங்கினார். கொஞ்ச நாளிலேயே கியர் விழவில்லை, நடுக்கடலில் நின்றுவிட்டது. பக்கத்து வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்தது. விற்றவர் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணி உள்ள போயிருக்கு, இதுக்கு வாரண்டி கிடையாது" என்று எழுதியே கொடுத்தார். கடலில் ஓட்ட வாங்கிய இன்ஜின்! அந்தத் தாளை நான் இரண்டு காப்பி எடுத்து வைத்தேன்.

அண்ணன் என் கடைக்கு வந்தபோது இரண்டு வருஷம் முடிய ஒரு மாசம் பாக்கி. பில்லை பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். கவரிலிருந்து எடுத்தால் வெள்ளைத் தாள். மெஷினில் அடிக்கிற தெர்மல் பில் அப்படித்தான். சூடு பட்டால், பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால், எழுத்து போய்விடும். விளக்குப் பக்கம் பிடித்துச் சாய்த்துப் பார்த்தோம், கடைப் பெயரில் பாதி தெரிந்தது, தேதி தெரியவில்லை. நல்லவேளை, பணத்தை பேங்க் வழியாக அனுப்பியிருந்தார். பாஸ்புக் வரியும், வாரண்டி கார்டில் இருந்த இன்ஜின் நம்பரும் சேர்ந்து தேதியைக் காப்பாற்றின. அன்றிலிருந்து கடைக்கு எது வாங்க வந்தாலும் நான் சொல்வது: பில் கைக்கு வந்த அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள், போனில் ஒரு போட்டோவும். என் வியாபாரத்துக்காகத்தான் சொல்கிறேன் என்று சிரிப்பார்கள். இருக்கட்டும்.

மனுவில் ஒரு வரியை நான் விடாமல் எழுதுவேன்: "இந்த இன்ஜினை என் பிழைப்புக்காக வாங்கினேன், நானே ஓட்டுகிறேன்." வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது எதிர்த்தரப்பு எடுக்கிற முதல் வாதம். ஆனால் சொந்தத் தொழில் செய்து வயிறு கழுவ வாங்கிய பொருள் அந்த வியாபாரக் கணக்கில் வராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. மீனவர் நல வாரிய அட்டை, படகுப் பதிவு இரண்டையும் சேர்த்தால் நல்லது. நாலு இன்ஜின் வாங்கி வாடகைக்கு விடுகிறவருக்கு இந்த வரி உதவாது. வாங்கிய கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது ராமநாதபுரத்திலேயே, போடலாம். ஆன்லைனில் இப்போது இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

நுகர்வோர் வழக்கில் கெடு தாண்டிவிட்டால் ஒரே வழி தாமதத்தை மன்னிக்கக் கேட்டு அபிடவிட்டோடு, அதாவது சத்தியப் பிரமாணத்தோடு, தனி மனு. "கடலுக்குப் போயிருந்தேன்" என்று எழுதினால் நிற்காது, எல்லாரும்தான் போகிறோம். இலங்கை நேவி பிடித்து அங்கே சிறையில் இருந்தவருக்குச் சொல்ல நியாயம் இருக்கிறது. அவர் கைதான தேதி, விடுதலையான தேதி, ஊர் திரும்பிய தேதி மூன்றுக்கும் காகிதம் வைக்கவேண்டும். அப்படி வைத்தும் ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் கையில்.

கெடு எதிராளிக்கும் உண்டு, இதைச் சொன்னால் முகம் மலரும். நோட்டீசும் மனு நகலும் கிடைத்து 30 நாளில் பதில் தரவேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். 46-வது நாள் எவ்வளவு பெரிய கம்பெனி வந்தாலும் பதிலை வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டார்கள். மூன்று மாசத்தில் வழக்கை முடிக்கப் பார்க்கவேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி யாரும் வாய்தா நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

வேறு கெடுக்களும் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுதி ஒரு மாசம் பார்த்துவிட்டு, மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம், போகலாம், அங்கேயும் கட்டணம் இல்லை. ஈசிஆர் ரோட்டில் வண்டி அடித்தால், 2022 ஏப்ரலிலிருந்து நடந்த விபத்துக்கு நஷ்ட ஈடு கேட்கச் சட்டத்தில் இருப்பது ஆறு மாசம். துக்க வீட்டில் ஆறு மாசம் எப்படிப் போகும் என்று எழுதியவர்களுக்குத் தெரியாது போல.

அண்ணனின் கேஸில் விற்றவர் பதில் போட்டார், கம்பெனி 45 நாளைத் தாண்டி வந்ததால் அதன் பதிலை வாங்கவில்லை. இன்ஜின் விலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. கம்பெனி அப்பீல் போட்டிருக்கிறது. உத்தரவிலிருந்து 45 நாளுக்குள் போடவேண்டும், தொகையில் பாதியைக் கட்டவும் வேண்டும், இரண்டையும் செய்துவிட்டார்கள். இப்போது வழக்கு மாநில ஆணையத்தின் மதுரை பெஞ்சில். அண்ணன் பழைய இன்ஜினை விற்கட்டுமா என்று கேட்டார். அப்பீல் முடியும் வரை சாக்கில் கட்டித் திண்ணையில் போட்டு வையுங்கள், இன்ஜின் நம்பர் தெரிகிற பக்கம் மேலே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.