கொஞ்சம் வெளிச்சம் கூட்டி விடுங்க

தக்கலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. இத்தனை வருஷத்தில் 'பிள்ளையை வெள்ளையாக்கித் தாங்க' என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. "தம்பி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி விடுங்க" என்பார்கள். "முகம் தெளிஞ்சு இருக்கட்டு" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் என்றால் "பிரைட்டா". என்ன கேட்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அப்பா இதைப் பென்சிலால் செய்தார். சாய்வாக ஒரு மரப்பெட்டி, நடுவில் பால் கண்ணாடி, பின்னால் ஒரு பல்பு. கறுத்த முகம் நெகட்டிவில் கண்ணாடிபோலத் தெளிவாக விழும். ஊசியாகச் சீவிய பென்சிலால் அதன்மேல் புள்ளி புள்ளியாக, கோடு தெரியாமல், நிரப்பிக்கொண்டே வருவார். பென்சில் பட்ட இடத்தில் வெளிச்சம் குறைவாகக் கடக்கும். பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். ஒரு பெண்ணை வெளுக்க வைக்க அவள் முகத்தில் கரியைப் பூச வேண்டும். சின்ன வயதில் எனக்கு அது மந்திரவாதம்.

1991இல் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அக்கா அப்பாவைப் போல, நல்ல கறுப்பு. கலரில் எடுத்தால் லேபுக்கு அனுப்ப வேண்டும், அங்கே நம் கை எட்டாது. அதனால் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தோம். அப்பாவுக்கு அப்போது கண் சரியில்லை. பென்சில் பிடித்தது நான். பதினெட்டு வயது, தொழில் படிந்துவிட்டது என்ற திமிர் வேறு. இரண்டு ராத்திரி உட்கார்ந்து கன்னம், நெற்றி, மூக்குத்தண்டு, கழுத்து என்று ஒன்றையும் விடவில்லை. பிரிண்ட் காய்ந்ததும் அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"இது ஆருக்க படம்டே?" என்றாள்.

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

கருங்கல் பக்கமிருந்து வந்தார்கள். ஜாதகம் முன்னாலேயே பார்த்துப் பொருத்தம் என்று சொன்ன பிறகுதான் வந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா காப்பியும் ஏத்தங்கா வத்தலும் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளைக்கு அம்மை கைப்பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், படத்தை வத்தல் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். அவ்வளவுதான். மரியாதையாகத்தான் பேசினார்கள், காப்பியை முழுசாகக் குடித்தார்கள். மறுநாள் தரகர் வந்து, ஜாதகம் ஒத்துவரவில்லையாம் என்றார்.

அன்றைக்குச் சித்தி அக்காவைத் தேற்றச் சொன்னது: "கறுப்பே அழகு, காந்தலே ருசி." காந்தலை வழித்துத் தின்பது வீட்டு ஆட்கள்தான் சித்தி, விருந்தாளி இலையில் அதை யார் வைக்கிறார்கள்? இது இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் இருட்டறைக்குள் இருந்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அத்தானும் கறுப்புதான். அவர் படத்துக்கு யாரும் வெளிச்சம் கேட்கவில்லை.

தொழிலில் என்னைத் திண்டாட வைத்தது எங்கள் மாவட்டத்துச் சர்ச் கல்யாணங்கள். பெண்ணுக்கு வெள்ளைச் சேலை, தலையில் வெள்ளை நெட்டு. மாப்பிள்ளை கறுப்புக் கோட்டு. கேமராவின் மீட்டர் அத்தனை வெள்ளையைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுபோகும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி, கூட்டினால் முகம் வரும், சேலையில் ஜரிகை கரையும். என் கைப்பிழை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் படித்தேன்: கோடாக் கம்பெனி கலரைச் சரிபார்க்க லேபுகளுக்கு அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த அட்டைக்கே ஷெர்லி என்று பெயர். கறுப்பு முகங்கள் சரியாக விழாதது அவர்களை உறுத்தவில்லை. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர நாற்காலி விற்பவர்களும் 'எங்கள் சரக்கின் பழுப்பு சரியாக வரவில்லை' என்று முறையிட்ட பிறகுதான் பிலிமைத் திருத்த இறங்கினார்கள்.

இப்போது பென்சில் இல்லை, கம்ப்யூட்டரில் இழுத்து நகர்த்தும் ஸ்லைடர். இரண்டு ராத்திரி வேலை இரண்டு நிமிஷத்தில் முடிகிறது. அவசரத்தில் தவறும் நடக்கும். ஒரு ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகத்தை வெளுத்துவிட்டுக் காதையும் தாலி பிடித்த விரல்களையும் மறந்துவிட்டேன். முகம் ஒருத்தி, கை இன்னொருத்தி. வீட்டார் ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "கையையும் சரியாக்குங்க" என்றார்கள். முகத்தைப் பழையபடி ஆக்கச் சொல்லவில்லை.

பெரிய திரையில் முகத்தை விரித்துப் பார்ப்பவனுக்கு இன்னொன்றும் தெரியும். கன்னத்தில் நூல்போலச் சிவந்த நரம்பு, மெழுகுபோல மெலிந்த தோல், புதிதாக முளைத்த பூனைமுடி. ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாசக்கணக்கில் பூசின முகம் அது. டாக்டர் சீட்டில் வாங்க வேண்டிய மருந்தை முகப்பூச்சு மாதிரி தேய்க்கிறார்கள். அந்தச் சிவப்பையும் ஸ்லைடரில் அழிக்கத்தான் எனக்குக் காசு.

1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் குளோ அண்ட் லவ்லி ஆனது. அதே வருஷம், வரன் தேடும் இணையதளமான ஷாதி டாட் காம், நிறம் பார்த்துத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. எங்கள் தரகருக்கு அந்த வசதி இன்னும் வாயிலேயே இருக்கிறது: "பிள்ளை கொஞ்சம் மாநெறம், ஆனா முகலட்சணம் உண்டு." அந்த 'ஆனா'வை இதுவரை எந்த மென்பொருளாலும் என்னால் அழிக்க முடியவில்லை.

போன மாதம் அக்கா மகள் படம் எடுக்க வந்தாள். அம்மையின் நிறம். பவுடர் வேண்டாம் என்றேன். ஃபிளாஷையும் தொடவில்லை, ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தேன். கறுத்த தோலில் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால் கன்னத்து மேட்டில் எண்ணெய் தடவிய ஈட்டிமரம்போல ஒரு மினுக்கம் வரும். வந்தது. ஸ்லைடர் பக்கமே போகாமல் அனுப்பினேன். "சூப்பர் மாமா" என்றாள்.

கால் மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். ஜன்னல் என்னுடையது, நாற்காலி என்னுடையது. முகத்துக்கு ஏதோ ஆப்பில் வெள்ளையடித்திருந்தாள். அக்காவும் அதைப் பார்த்திருப்பாள். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அம்மை நேற்றே கூப்பிட்டுவிட்டார், வெளிச்சத்தைப் பற்றித்தான். "சரிம்மா" என்றிருக்கிறேன்.