இடுப்புக்குப் பிடித்த கார்

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, ரப்பர் ஷீட் கட்டு ஒன்றைத் தூக்கி வண்டியில் போடக் குனிந்தவன் நிமிரவே இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல் 4, எல் 5 என்ற ரெண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்றார்கள். வலி இடுப்போடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, இடது பிட்டத்தில் பிடித்துக் குதிகால் வரைக்கும் கம்பி இழுத்த மாதிரி இறங்கும். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வாரத்தில் நாலு நாள் போய் வர வேண்டிய பிழைப்பு எனக்கு. அப்போதுதான் தெரிந்தது, என்னிடம் இருந்த 11 வருஷப் பழைய சின்ன காருக்கும் என் முதுகுக்கும் ஒத்துவராது என்று. அந்த வண்டியின் சீட் தரையை ஒட்டி இருக்கும், ஏறுவது என்றால் தொப்பென்று விழுவது, இறங்குவது என்றால் கதவையும் கூரையையும் பிடித்துத் தொங்கி எழுவது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி ஒரு நாள் சொன்னாள், "நிறைமாசக்காரிகூட இதைவிட நல்லா இறங்குவா."

சரி, கார் மாற்றலாம் என்று முடிவெடுத்ததும் ஆளாளுக்கு யோசனை. பெரும்பாலானவர்கள் சொன்னது, முதுகு வலியா, எஸ்யூவி எடு. தக்கலையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் கூட்டாளி மட்டும்தான், "லே மக்கா, நீ கார் வாங்கப் போறியா, கட்டில் வாங்கப் போறியா? முதல்ல எந்த நேரத்துல வலிக்குன்னு பாத்துட்டு வா" என்றான். ஒரு வாரம் பார்த்தேன். ஓடும்போது வலி குறைவு. ஏறும்போது கொஞ்சம், கிளட்ச் மிதிக்கும்போது அதைவிட அதிகம், அரைமணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது உயிர் போகும். ஒரு நாள் நாகர்கோவில் போகும் வழியில் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தேன், பார்வதிபுரம் வருவதற்குள் 140 தாண்டிவிட்டது, அதற்குமேல் எண்ணவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் இடது பக்க இடுப்பு சீட்டை விட்டு லேசாக நகர்கிறது, அந்த நரம்பு ஒரு சுண்டு சுண்டுகிறது.

பிசியோதெரபி கொடுத்தவர் பொறுமைசாலி, படம் போட்டு விளக்கினார். நாக்கெம்சன் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர் 1960களிலேயே டிஸ்க்குக்குள் ஊசி வைத்து அழுத்தத்தை அளந்தாராம். நிற்பதைவிடச் சாய்மானம் இல்லாமல் உட்காருவதில் அழுத்தம் கூடுகிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் இன்னும் கூடுகிறது, பின்னால் கொஞ்சம் சாய்ந்து இடுப்பு வளைவுக்குத் தாங்கல் கொடுத்தால் குறைகிறது. அப்புறம், உட்கார்ந்திருக்கும் உடம்பு விநாடிக்கு நாலு முதல் ஆறு தடவை வரும் குலுக்கலுக்குத்தான் அதிகமாக ஆடிக்கொடுக்கும், மோசமான ரோட்டில் வண்டியின் ஆட்டம் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான் வரும் என்றும் சொன்னார். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவ மழையும் உண்டு, பள்ளத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டால் அது நாலு விரல் ஆழமா முழங்கால் ஆழமா என்று சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும்.

ஷோரூமுக்குப் போனால் அங்கே வேறு கதை. டெஸ்ட் டிரைவ் என்று நல்ல ரோட்டில் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டவிட்டுத் திருப்பிக் கூட்டி வந்துவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் எந்த சீட்டும் சொகுசாகத்தான் இருக்கும், கல்யாண மண்டபத்து சோபா மாதிரி. எஸ்டேட் ரோட்டுப் பக்கம் ஒரு ரவுண்டு போகலாமா என்று கேட்டேன், "சார், ரூட் இதுதான்" என்றார் அந்தப் பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அதனால் நானே ஒரு முறை வைத்துக்கொண்டேன். காரின் கதவைத் திறந்து சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். அப்படியே உட்கார்ந்தால் பிட்டம் நேராக சீட்டில் பட வேண்டும். கீழே விழக் கூடாது, எம்பி ஏறவும் கூடாது. உட்கார்ந்த பிறகு ரெண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும், அப்போது கதவின் அடிப்பட்டையில் கால் இடிக்கக் கூடாது. உள்ளே போனதும் இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிறதா என்று பார்ப்பேன். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்காலில் மடிப்பு மிஞ்ச வேண்டும், முதுகு சாய்மானத்தை விட்டு வரக் கூடாது. விலை குறைந்த கார்களில் ஸ்டியரிங்கை மேலே கீழே நகர்த்த முடியும், நம் பக்கம் இழுக்க முடிவது அபூர்வம். அதனால் கால் நீளமானவர்கள் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, கை எட்டாமல் முன்னால் குனிந்து ஓட்டுகிறார்கள். நாக்கெம்சன் சொன்ன அதே குனிவு!

இந்த முறைப்படி பார்த்ததில் உயரமான சில எஸ்யூவிகள் எனக்குத் தேறவில்லை, ஏறுவதே படியேறுகிற மாதிரி. டாடா பஞ்ச் உயரம் சரியாக இருந்தது, ஆனால் நான் கேட்ட ஆட்டோமேட்டிக்கின் விலை என் கைக்கு எட்டவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, புதுசு எடுக்க வசதி இருக்கிறவர்களுக்கு நல்ல நேரம்தான். நான் கடன் வாங்க விரும்பவில்லை. கடைசியில் 2019 மாடல் வேகன் ஆர், ஏஎம்டி கியர் (கிளட்ச் மிதிக்காமல் தானாக மாறும் கியர்), 41,000 கிலோமீட்டர் ஓடியது, மார்த்தாண்டத்தில் ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரிடம் இருந்து. நாலேகால் லட்சம். பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும், அழகு என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஆனால் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து நாற்காலியில் இருந்து எழுவது போல எழலாம். வாத்தியார் சாவியைக் கொடுத்து "ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாரும்" என்றார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பேச்சிப்பாறை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, வலிக்காமல் இறங்கியதும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

கூட்டாளி வந்து பானெட்டின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விட்டுப் பார்த்தான். ஒரு தடவை எழும்பி அடங்கினால் ஷாக் அப்சார்பர் உயிரோடு இருக்கிறது, ஊஞ்சல் மாதிரி ஆடினால் மாற்று என்று அர்த்தம். முன்பக்கம் ரெண்டையும் மாற்றினோம். பழைய கார் எடுக்கிற முதுகுவலிக்காரர்கள் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஏஎம்டி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிளட்ச் பெடல் இல்லை, இடது கால் சும்மா கிடக்கிறது, அது சொர்க்கம். ஆனால் கியர் மாறும்போது தலை ஒரு தடவை ஆடும். மாறுகிற நேரத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக விட்டுப் பிடித்தால் அந்த ஆட்டம் பாதி குறையும், ஒரு வாரத்தில் கால் பழகிவிட்டது. ஏற்றத்தில் வண்டியை ஆக்சிலரேட்டராலேயே பிடித்து நிறுத்தாதீர்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள்.

டயர் காற்று இன்னொரு விஷயம். பம்பில் இருக்கிற பையன் கேட்காமலே 40 அடித்துவிடுவான், அப்படி அடித்தால் ஒவ்வொரு கல்லும் முதுகில்தான் ஏறும். கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவு போதும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று பெரிய அலாய் வீல், மெல்லிய டயர் மாற்றும் ஆசையையும் விட்டுவிடுங்கள், டயரின் பக்கவாட்டு ரப்பர்தான் நமக்கு முதல் மெத்தை.

முதுகுக்கு என்று கடையில் விற்கும் தடித்த குஷனை வாங்கிப் போட்டேன், அது என்னை ஸ்டியரிங்கை நோக்கித் தள்ளியதுதான் மிச்சம். இப்போது ஒரு கைத்துண்டைச் சுருட்டி பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வைத்துக்கொள்கிறேன். பேண்ட் பின்பாக்கெட்டில் இருந்த பர்ஸ் டாஷ்போர்டுக்குப் போய்விட்டது.

முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும் என்பது பிசியோதெரபிக்காரர் போட்ட உத்தரவு. அதனால் போகும்போது தக்கலையில் ஒரு டீ, வரும்போது அதே கடையில் ஒரு டீயும் ஏத்தம்பழ பஜ்ஜியும். கார் வாங்கியதில் மிச்சம் பிடித்ததெல்லாம் பஜ்ஜிக்குப் போகிறது என்று மனைவி கணக்கு எழுத ஆரம்பித்திருக்கிறாள்.