டோஸைக் கூட்டினால் வேலை கெடும்: எபிஜெனெடிக் புற்றுநோய் மருந்துகளின் பாதுகாப்பு

டிஎன்ஏவின் எழுத்தை மாற்றாமல், எந்த மரபணு இயங்க வேண்டும் என்று சொல்லும் குறிகளை மாற்றக் கொடுப்பவை எபிஜெனெடிக் மருந்துகள். அவற்றில் ஒன்றான அசாசிட்டிடின் 1964-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் தயாரான மருந்து. வெகுகாலம் அதைச் செல்லைக் கொல்லும் விஷமாகத்தான் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு உடம்பு தாங்குகிற உச்ச அளவுவரை ஏற்றிப் பார்த்ததில் வாந்தியும் மஜ்ஜைச் சரிவும் கடுமையாக இருந்தன. 1980-ல் பீட்டர் ஜோன்ஸ், ஷெர்லி டெய்லர் இருவரும் எலிக்கருச் செல்களில் இதைச் சேர்த்தபோது அந்தச் செல்கள் தசைச் செல்களாக மாறின. அவற்றின் டிஎன்ஏவில், மரபணுக்களை அணைத்துவைக்கும் மெத்தில் குறிகள் குறைந்திருந்தன. அந்த வழியில் யோசித்து, அளவைக் குறைத்து, நாட்களை நீட்டிய பிறகுதான் மருந்துக்கு மறுவாழ்வு வந்தது. 2004-ல் அமெரிக்க எஃப்டிஏ இதை எம்டிஎஸ் எனப்படும் மஜ்ஜைக் கோளாறுக்கு அனுமதித்தது. 358 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வொன்றின் முடிவு 2009-ல் வெளியானது: வழக்கமான சிகிச்சையில் இடைநிலை ஆயுள் 15 மாதம், அசாசிட்டிடினில் 24.5 மாதம்.

இந்த மருந்து வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் பக்கவிளைவுகளும் புரியும். செல் பிரிவதற்காகத் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது, சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்து உட்கார வேண்டிய இடத்தில் மருந்து உட்கார்ந்துவிடுகிறது. மெத்தில் குறியை நகலெடுக்க வரும் டிஎன்எம்டி1 நொதி அதில் ஒட்டிக்கொண்டு விடுபட முடியாமல் சிதைந்துபோகிறது. நொதி குறையக் குறைய, ஒவ்வொரு செல்பிரிவிலும் பழைய குறிகள் கொஞ்சம் கொஞ்சமாக மறைகின்றன. ஆக, செல் பிரிந்துகொண்டே இருக்க வேண்டும். அளவைக் கூட்டினால் டிஎன்ஏ சேதமாகிச் செல்பிரிவே நின்றுவிடும். அப்புறம் குறி எங்கே மறையும்? தோலடியில் போட்ட மருந்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம், ஏறக்குறைய 41 நிமிடம். டிஎன்ஏ நகலெடுக்கும் கட்டத்தில் அந்த நேரத்தில் இருக்கும் செல்கள்தான் சிக்கும். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 75 மி.கி. வீதம் 7 நாள், 28 நாளுக்கொருமுறை என்ற அட்டவணை இதோடு பொருந்துகிறது. ஒரு நாள் விடுபட்டால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுத்து ஈடுகட்ட முடியாது.

மருந்து கலக்கும் மேசையில்தான் பல தவறுகள் நடக்கின்றன. 100 மி.கி. குப்பியில் 4 மி.லி. ஊசிநீர் விட்டால் மி.லி.க்கு 25 மி.கி. கொண்ட வெண்மையான கலங்கல் கிடைக்கும். கலங்கலாக இருக்கிறதே என்று வடிகட்டினால் மருந்து வடிகட்டியிலேயே தங்கிவிடும். உடல் பரப்பு 1.7 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்: 127.5 மி.கி., அதாவது 5.1 மி.லி. 4 மி.லி.க்கு மேல் போனால் இரண்டு சிரிஞ்சாகப் பிரித்து, தலா 2.55 மி.லி. வீதம் இரண்டு இடங்களில் போட வேண்டும். நின்றுபோன சிரிஞ்சில் துகள்கள் அடியில் படியும். போடுவதற்கு முன் உள்ளங்கைகளுக்கு நடுவே 30 விநாடி நன்றாக உருட்ட வேண்டும். உருட்டாமல் போட்டால் ஊசியின் ஒரு பாதியில் தண்ணீரும் மறுபாதியில் மருந்தும் போகும். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் 8 மணி நேரம். கலக்கும்போதே குளிர்ந்த நீர் சேர்த்திருந்தால் 22 மணி நேரம் தாங்கும். வெளியே எடுத்தபின் 30 நிமிடத்துக்குள் போட வேண்டும். முந்தைய ஊசிக் காயத்திலிருந்து 2.5 செ.மீ.யாவது தள்ளிப் போடுங்கள். சிவந்த, கன்றிய, இறுகிய இடம் வேண்டாம்.

டிரிப்பாகக் கொடுக்கும்போது கணக்கு வேறு. குப்பிக்கு 10 மி.லி. நீர், பிறகு 50 முதல் 100 மி.லி. நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட், 10 முதல் 40 நிமிடம், கலக்கியதிலிருந்து ஒரு மணிக்குள் முடிய வேண்டும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸிலோ பைகார்பனேட் உள்ள திரவத்திலோ கலக்கவே கூடாது, மருந்து வேகமாகச் சிதையும். பையைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. நோயாளிக்குப் பலன் குறையும், கடைசியில் “மருந்து கேட்கவில்லை” என்று குறிப்பு எழுதப்படும்.

மாத்திரை வடிவம் இன்னொரு பொறி. வாய்வழி அசாசிட்டிடின் 300 மி.கி., தினம் ஒருமுறை, 14 நாள். கீமோவுக்குப் பின் நோய் அடங்கிய, குணப்படுத்தும் கடுமையான சிகிச்சையை முடிக்க முடியாத ஏஎம்எல் (ஒருவகை ரத்தப் புற்று) நோயாளிகளின் பராமரிப்புக்கு 2020-ல் அனுமதி பெற்றது. பெயர் ஒன்றுதான் என்று ஊசியின் அளவையும் மாத்திரையின் அளவையும் மாற்றிப் போட்டால், ஒரு பக்கம் உயிராபத்து, மறுபக்கம் பயனற்ற சிகிச்சை. மருந்துச்சீட்டில் மருந்தின் பெயரோடு வழியையும் எழுதச் சொல்வது இதனால்தான்.

சரி, ரத்த எண்ணிக்கைக்கு வருவோம். முதல் இரண்டு சைக்கிளில், அதாவது 28 நாள் சுற்றுகளில், நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரிவது வழக்கம். நோய் முற்றினாலும் இதேபோலத்தான் சரியும், ஆகவே வெறும் எண்ணைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. பலன் தெரிய நாளாகும் என்பதால் குறைந்தது 4 முதல் 6 சைக்கிள் கொடுக்கச் சொல்கிறார்கள். இரண்டாவது சைக்கிளோடு பதறி நிறுத்துவதுதான் இந்த மருந்துக்கு நடக்கும் பெரிய அநியாயம். 2 சைக்கிளில் பலன் இல்லையென்றால், குமட்டல், வாந்தி தவிர வேறு நச்சு இல்லாதவருக்கு சதுர மீட்டருக்கு 100 மி.கி.க்கு உயர்த்தலாம் என்று மருந்துக் கையேட்டில் இடமிருக்கிறது; என் சாய்வு, உயர்த்துவதைவிட நேரம் தவறாமல் தொடர்வதன் பக்கம்.

அளவைக் குறைக்கும் விதி தெளிவானது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், துவக்கத்தில் வெள்ளணு 3,000, நியூட்ரோபில் 1,500, தட்டணு 75,000 அல்லது அதற்கு மேல் இருந்தவருக்கு, சைக்கிளில் தொட்ட அடிமட்டத்தில் நியூட்ரோபில் 500-க்கோ தட்டணு 25,000-க்கோ கீழே போயிருந்தால் அடுத்த டோஸ் பாதி. நியூட்ரோபில் 500–1,500, தட்டணு 25,000–50,000 என்றால் 67 சதவீதம். அதற்கு மேல் முழு டோஸ். துவக்கத்திலேயே எண்ணிக்கை குறைந்தவருக்கு இந்த அட்டவணை செல்லாது. எத்தனை சதவீதம் சரிந்தது, மஜ்ஜையில் செல் அடர்த்தி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பலரும் மறப்பது ரத்த பைகார்பனேட்: காரணம் தெரியாமல் லிட்டருக்கு 20 மில்லி ஈக்விவலன்ட்டுக்குக் கீழே இறங்கினால் சிறுநீரகக் குழாய்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம், அடுத்த சைக்கிளில் டோஸ் பாதி.

ஐடிஎச் தடுப்பான்கள் வேறு ரகம். எனாசிடெனிப், ஐவோசிடெனிப் இரண்டும், பழுதான ஐடிஎச் நொதி உண்டாக்கும் 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற பொருளைக் குறைத்து, முதிராமல் உறைந்து நின்ற செல்களை முதிர வைக்கின்றன. கூட்டமாக முதிரும் செல்கள் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் புரதங்களைக் கொட்டும்போது காய்ச்சல், மூச்சிரைப்பு, நுரையீரலில் நீர், கால் வீக்கம், எடை ஏற்றம், சிறுநீரகச் சரிவு. இதைத்தான் டிஃபரென்சியேஷன் சிண்ட்ரோம் என்கிறார்கள். நிமோனியா மாதிரியே இருக்கும். வெள்ளணு ஏறுவதால் நோய் திரும்பியதுபோலவும் தோன்றும். எனாசிடெனிப்பில் முதல் நாளிலும் வரலாம், ஐந்து மாதம் கழித்தும் வரலாம். சந்தேகம் வந்தாலே டெக்ஸாமெத்தசோன் 10 மி.கி., 12 மணிக்கொருமுறை, குறைந்தது 3 நாள், அறிகுறி அடங்கியபின் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தொற்றுக்கான பரிசோதனையும் ஆன்டிபயாட்டிக்கும் கூடவே நடக்கட்டும், கல்ச்சர் முடிவுக்காக ஸ்டீராய்டைத் தள்ளிப்போடாதீர்கள். எனாசிடெனிப் உடலில் பல நாள் தங்கும், மாத்திரையை நிறுத்தியதும் சிண்ட்ரோம் நிற்காது. தினமும் எடை பார்க்கும் பழக்கம்தான் வீட்டில் இருக்கும் நோயாளிக்கு மலிவான எச்சரிக்கை மணி.

ஐவோசிடெனிப்புக்கும் எச்டிஏசி (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களின் குறிகளை நீக்கும் நொதி) தடுப்பான்களான ரோமிடெப்சின், பானோபினோஸ்டாட் ஆகியவற்றுக்கும் இதயத்தின் க்யூடி இடைவெளி தனிக் கவலை. ஈசிஜியில் ஒரு துடிப்பின் மின்னோட்டம் தொடங்கி அடங்கும் நேரம் அது; நீண்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். ரோமிடெப்சின் போடுமுன் பொட்டாசியமும் மக்னீசியமும் சரியளவில் இருக்க வேண்டும். ஐவோசிடெனிப்பில் முதல் 3 வாரம் வாரம் ஒரு ஈசிஜி, பிறகு மாதம் ஒன்று. இங்கே கணக்கு எப்படி ஏமாற்றுகிறது பாருங்கள். ரத்தசோகை, காய்ச்சலோடு இருப்பவரின் நாடி 100, அளந்த க்யூடி 360 மில்லிவிநாடி. நாடிவேகத்துக்கேற்ப க்யூடியைத் திருத்தும் பாஸெட் சூத்திரத்தில் 465 வரும், ஃப்ரிடெரிசியாவில் 427. இயந்திரம் அச்சிடும் எண் பெரும்பாலும் பாஸெட்தான். அதை நம்பி நல்ல மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மறுபுறம், குமட்டலுக்கு ஒண்டான்செட்ரான், பூஞ்சைக்கு வோரிகோனசோல், காய்ச்சலுக்கு லெவோஃப்ளாக்ஸசின் என்று இந்த நோயாளிகளுக்குக் கூடவே எழுதும் மூன்றுமே க்யூடியை நீட்டுபவை. வோரிகோனசோல் ஐவோசிடெனிப்பின் ரத்த அளவையும் ஏற்றும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவரா என்றும் கேளுங்கள். அதுவும் ஒரு எச்டிஏசி தடுப்பான். வோரினோஸ்டாட்டுடன் சேர்ந்தபோது தட்டணுக்கள் கடுமையாகச் சரிந்து குடலில் ரத்தக் கசிவு நேர்ந்திருக்கிறது.

நீண்டகாலப் பாதுகாப்பில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் மெத்தில் குறி இடும் ஈஇசட்எச்2 நொதி. சில லிம்ஃபோமாக்களில் (நிணநீர்ப் புற்றுகளில்) அது மிகையாக இயங்கிப் புற்றை வளர்க்கிறது. எம்டிஎஸ் நோயாளிகள் சிலரிடம் அதே நொதி பழுதாகிக் கிடக்கிறது. இந்த நொதியின் தடுப்பானான டாசிமெடோஸ்டாட் ஆய்வில் ஒரு குழந்தைக்கு டி-செல் லிம்ஃபோமா வந்ததால் 2018 ஏப்ரலில் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பரில் தடை நீங்கியது. 2020 ஜனவரியில் அனுமதி பெற்றபோது இரண்டாம் புற்றுநோய் எச்சரிக்கை சேர்ந்தே வந்தது. ஏம்ஸ் போன்ற வழக்கமான மரபணுச் சேதச் சோதனைகள் டிஎன்ஏ எழுத்து மாறுகிறதா என்றுதான் பார்க்கும். குறிகள் மட்டும் மாறும் இடத்தில் அவற்றின் “பாதகமில்லை” என்ற முடிவுக்குப் பெரிய அர்த்தமில்லை.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு: அசாசிட்டிடினின் உறவு மருந்தான டெசிட்டபினை மைக்ரோமோலார் அளவில் போட்டுவிட்டு மெத்தில் நீக்கத்தைப் பார்த்தேன் என்று எழுதாதீர்கள், அங்கே பார்த்ததில் பெரும்பங்கு செல் சாவுதான். 10 முதல் 100 நானோமோலார், 24 மணிக்கொருமுறை ஊடகத்தை மாற்றிப் புதிதாகக் கலந்த மருந்து, 72 மணி, அதன்பின் மருந்தில்லாமல் சில நாள். மருந்தில்லாத கட்டுப்பாட்டுக் கிண்ணத்திலும், மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ அதே அளவு, 0.1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். எச்எல்-60 என்ற ரத்தப் புற்றுச் செல்களை 1.25 சதவீத டிஎம்எஸ்ஓ தனியாகவே முதிர வைத்துவிடும்.

மெத்தில் குறியை அளக்கும் பைசல்ஃபைட் முறை, மெத்தில் இல்லாத சைட்டோசினை வேறெழுத்தாக மாற்றுவது. அதில் மாறாமல் விடுபட்ட சைட்டோசின் எல்லாம் மெத்தில் உள்ளதாகவே படிக்கப்படும். மெத்தில் இல்லாத லாம்டா வைரஸின் டிஎன்ஏவைச் சிறிது கலந்து, மாற்றம் 99 சதவீதத்துக்கு மேல் நடந்ததா என்று பார்த்த பிறகே முடிவைத் தொடுங்கள். நோயாளி ரத்தத்தில் அளக்கும்போது இன்னொரு குழப்பம்: எட்டாம் நாளிலும் இருபத்தெட்டாம் நாளிலும் எடுத்த மாதிரிகளில் நியூட்ரோபில், லிம்ஃபோசைட் விகிதமே வேறாக இருக்கும். ஒவ்வொரு செல்வகைக்கும் தனக்கென்று ஒரு மெத்தில் வடிவம் உண்டு, ஆகவே விகிதம் மாறினாலே சராசரி நகரும். மருந்துக்கு முன் ஒரு மாதிரி, ஒவ்வொரு மாதிரியோடும் அன்றைய வெள்ளணு வகைக் கணக்கு, முடிந்தால் செல்வகையைப் பிரித்தெடுத்து அளவீடு என்று நெறிமுறையிலேயே எழுதி வையுங்கள். மாதிரிகள் உறைபெட்டிக்குள் போனபின் இந்தத் தகவலைத் தேடி எடுப்பது பெரும்பாடு.