மேக்ரோவும் மேட்ச்சும் ஒரே வித்தைதான்

லிஸ்ப் என்ற நிரல்மொழியைப் படிக்க வருபவர்களில் பலர் மேக்ரோ (கோடை எடுத்து வேறு கோடாக விரித்துத் தரும் விதி) என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். பேட்டர்ன் மேட்ச்சிங் (தரவு ஒரு வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துப் பிரிப்பது) தெரிந்திருந்தால் பயப்படவே தேவையில்லை என்பது என் கட்சி.

லிஸ்ப் குடும்பத்து மொழிகளான ஸ்கீமிலோ ராக்கெட்டிலோ சின்டாக்ஸ்-ரூல்ஸ் வைத்து மேக்ரோ எழுதும்போது ஒரு வடிவத்தைச் சொல்கிறோம், அதற்குப் பதிலாக என்ன கோட் வர வேண்டும் என்றும் சொல்கிறோம், அவ்வளவுதான். லிஸ்ப்பில் கோடே அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒரு பட்டியல் என்பதால் பட்டியலைப் பிரிக்கிற அதே முறையில் கோடையும் பிரித்துவிடலாம்.

இரண்டு மாறிகளின் மதிப்பை மாற்றிப் போடுவதை எடுத்துக்கொள்வோம். சாதாரண ஃபங்ஷனால் இது முடியாது, ஏனென்றால் அதன் கைக்குப் போய்ச் சேருவது மதிப்பு மட்டும்தான். ராக்கெட்டில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், லெட் (புதுப் பெயருக்கு மதிப்பு வைப்பது), செட்! (இருக்கும் மாறியின் மதிப்பை மாற்றுவது) இவற்றுக்கும் தமிழ் எழுத்தில் மறுபெயர் கொடுக்கலாம், அதனால் இப்படி எழுதுகிறேன்:

(இடமாற்று அ ஆ)

இது இப்படி விரிய வேண்டும்:

(லெட் ((பழையது அ)) (செட்! அ ஆ) (செட்! ஆ பழையது))

சரி, யாராவது (இடமாற்று பழையது புதியது) என்று அழைத்தால்? எழுத்துக்கு எழுத்து பதித்தால் உள்ளே இருக்கும் பழையது வெளியே இருப்பதை மறைத்துவிடும். எரர் வராது, எதுவும் மாறவும் மாறாது. 1963-ல் டிமோதி ஹார்ட் லிஸ்ப்புக்கு மேக்ரோவை முன்வைத்த காலத்திலிருந்தே கூட வந்த தொல்லை இது. 1986-ல் கோல்பெக்கர், ஃப்ரீட்மேன், ஃபெல்லைசன், டூபா நால்வரும் ஹைஜீனிக் மேக்ரோவை முன்வைத்தார்கள்: மேக்ரோவுக்குள் பிறந்த பெயர் எது, அழைப்பவர் கொடுத்த பெயர் எது என்று விரிக்கும் நிரலே கணக்கு வைத்துக்கொள்ளும். ஸ்கீமில் அது தானாக நடக்கிறது, காமன் லிஸ்ப்பில் இன்றும் ஜென்சிம் (வேறெங்கும் வராத புதுப் பெயர் தரும் ஃபங்ஷன்) போட்டு நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னை ஒரு மாலை முழுக்க அலைக்கழித்தது வேறொன்று. (ஒவ்வொரு எ இல் பட்டியல் ...) என்று ஒரு வடிவம், (ஒவ்வொரு எ வரை 10 ...) என்று இன்னொன்று எழுதியிருந்தேன். இரண்டாவதை எப்படி அழைத்தாலும் 10 ஒரு பட்டியல் இல்லை என்றே எரர் வந்தது. ராக்கெட்டுக்கான எடிட்டரான டாக்டர்ராக்கெட்டின் மேக்ரோ ஸ்டெப்பரில் ஒவ்வொரு படியாக நகர்த்திப் பார்த்தபோதுதான் முதல் வடிவமே எல்லாவற்றையும் விழுங்குவது தெரிந்தது. சின்டாக்ஸ்-ரூல்ஸுக்கு அடுத்து வரும், அப்படியே பொருந்த வேண்டிய சொற்களைப் பட்டியலிடும் அடைப்புக்குறியை நான் காலியாக விட்டிருந்தேன். அப்படி விட்டால் 'இல்' என்பதும் ஒரு பேட்டர்ன் மாறி, அந்த இடத்தில் எது வந்தாலும் பொருந்திவிடும். 'இல்', 'வரை' இரண்டையும் அங்கே போட்டதும் சரியானது.

அப்புறம் மேட்ச், அதாவது பேட்டர்ன் மேட்ச்சிங் செய்து தருவது. ராக்கெட்டில் அது மொழியின் மையத்தில் பதிந்த ஒன்று கிடையாது, அதுவும் நூலகத்தில் இருக்கும் ஒரு மேக்ரோதான்! இது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் சந்தோஷம் தருகிற விஷயம். கணித வாய்பாடுகளைச் சுருக்கும் சின்ன நிரல் ஒன்று அதை வைத்து எழுதினேன். (+ 0 அ) வந்தால் அ, (* 1 அ) வந்தால் அ, (- அ அ) வந்தால் 0. கடைசி வடிவத்தில் அ இரண்டு தடவை வருகிறது, இரண்டு இடத்திலும் ஒரே மதிப்பு இருந்தால் மட்டும் மேட்ச் பொருத்தும். இதே பழக்கத்தில் சின்டாக்ஸ்-ரூல்ஸில் ஒரு பெயரை இரண்டு முறை போட்டால் எரர்தான். மேட்ச்சில் இல்லாத வடிவம் வேண்டுமென்றால் டிஃபைன்-மேட்ச்-எக்ஸ்பேண்டர் போட்டு நாமே சேர்க்கலாம், அதை எழுதுவதும் மேக்ரோ எழுதுவது மாதிரியேதான்.