பக்கத்தில் உட்கார ஒருவர்

உணவுக் கோளாறு (சாப்பிடுவதைச் சுற்றி வரும் மனநலக் கோளாறு) என்று சொல்லிக்கொண்டு யாரும் என் அறைக்கு நேராக வருவதில்லை. மாதவிடாய் நின்றுபோன கல்லூரிப் பெண்ணை மகப்பேறு மருத்துவர் அனுப்புவார். இரண்டு வாய் சாப்பிட்டாலே நெஞ்சில் நிற்கிறது என்று எண்டோஸ்கோபி வரை போய்விட்டு, ‘நார்மல்’ என்ற ரிப்போர்ட்டோடு இன்னொருத்தி வருவாள். முன்பற்களின் உட்புறம் எனாமல் கரைந்திருப்பதைப் பார்த்துப் பல் மருத்துவர் அனுப்பியதும் உண்டு. சென்னையில் தெருவுக்குத் தெரு சர்க்கரை நோய் கிளினிக். அங்கிருந்து வரும் டைப் 1 பிள்ளைகளில் சிலர், எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் இன்சுலினைத் தவிர்த்து, உயிருக்கே ஆபத்தான நிலையில் மறுபடி மறுபடி அவசரப் பிரிவுக்குப் போனவர்கள். சர்க்கரை ஏன் கட்டுக்குள் வரவில்லை என்று எல்லோரும் திட்டியிருப்பார்கள். ஊசி போட என்ன பயம் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன். குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைத்தான், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் உடம்பு ஆபத்தாக மெலியும் அனோரெக்சியா நோயின் முக்கிய அடையாளமாகப் பாடத்தில் படித்தோம். எங்களிடம் வரும் பெண்கள் பலர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பசிக்கவில்லை, செரிக்கவில்லை என்பார்கள். ஹாங்காங்கிலும் இந்தியாவிலும் மனநல மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சில வீடுகளில் அது விரதமாக வரும். முதலில் சனிக்கிழமை, பிறகு வியாழன், பிறகு கிருத்திகை, ஏகாதசி. பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று வீடே பூரித்திருக்கும்போது, அவளுக்கு இதயத் துடிப்பு குறைந்து, கை கால் சில்லிட்டு, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருக்கும்.

பெற்றோர் என்னிடம் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ‘அடம்’. “எல்லாருக்கும் சமைச்சுப் போடறா மேடம், யூடியூப்ல சமையல் வீடியோவா பார்க்கறா. தட்டுல உட்கார்ந்தா மட்டும் ஒரு இட்லியை முக்கா மணி நேரம் பிய்ச்சுக்கிட்டே இருக்கா. இது திமிரு இல்லாம என்ன?”

அவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். மெலிய வேண்டும் என்ற ஆசை அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் சில வாரங்களிலேயே சமையல் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினார்கள். உணவைத் துண்டு துண்டாக்கி நெடுநேரம் உண்டார்கள். சிடுசிடுத்தார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் பலருக்கு மனம் உடனே பழைய நிலைக்கு வரவில்லை. பட்டினி கிடக்கும் மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும். இதைக் கேட்டதும் அந்த அம்மாவின் முகம் மாறும். மகளைத் திரும்பிப் பார்ப்பார்.

அதனால்தான், ‘முதலில் மனசு சரியாகட்டும், பிறகு சாப்பிடுவாள்’ என்று காத்திருப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. உணவுதான் இங்கே முதல் மருந்து. நேரத்துக்கு, அளவோடு, ஒருவர் பக்கத்தில் இருந்து கொடுக்க வேண்டிய மருந்து. அளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே பாதிக்கப்படலாம். மிக மெலிந்தவர்களை முதல் நாட்களில் மருத்துவமனையில் வைத்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே உணவைக் கூட்டுவது இதற்காகத்தான். எடை பார்க்கும்போது முதுகைக் காட்டி நிற்கச் சொல்வோம். எண் எங்களுக்குத் தெரிந்தால் போதும்.

வீட்டுக்குப் போன பிறகுதான் கடினமான வேலை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவாகத் தொடங்கிய குடும்ப வழிச் சிகிச்சை, வளரிளம் பருவத்தினரின் தட்டைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோரின் பொறுப்பில் விடுகிறது. யார் செய்த தப்பு என்ற விசாரணையே அதில் கிடையாது. மாநகரப் பேருந்து ஓட்டும் ஓர் அப்பாவை மறக்க முடியாது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) “நான் படிக்காதவன் மேடம், எனக்கு என்ன தெரியும்?” என்றார். “நீங்க பக்கத்துல உட்காரணும் சார். திட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, எழுந்தும் போகக் கூடாது” என்றேன். ஷிப்ட் மாற்றிக் கேட்டு வாங்கினார். மகள் தட்டைத் தள்ளிவிட்ட நாட்களில், “இது உனக்கு எவ்வளவு கஷ்டம்னு தெரியுதும்மா. ஆனா சாப்பிடணும்” என்று அதே இரண்டு வாக்கியங்களைத் திரும்பச் சொன்னாராம். மனநல மருத்துவரும் உளவியலாளரும் நானும் சேர்ந்து செய்த வேலையில் பெரும்பங்கு அவருடையது என்றே நினைக்கிறேன்.

உறவுக்காரர்கள்தான் பெரிய சோதனை. கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா ஆசையாகக் கன்னத்தைத் தொட்டு, “இப்பதான்டி உடம்பு தேறியிருக்கு, பூசினாப்ல ஆயிட்ட” என்றிருக்கிறார். அன்று இரவு அந்தப் பெண் சாப்பிடவில்லை. மறுநாளும். உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட ஒன்றும் சொல்லாதீர்கள் என்று குடும்பத்துக்கு எழுதியே கொடுக்கிறேன். படிப்பைக் கேளுங்கள், கிரிக்கெட்டைக் கேளுங்கள்.

புலிமியா இருப்பவர்களை இந்தக் கண்கள்கூடக் கவனிப்பதில்லை. எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். மறைவாக அளவு மீறிச் சாப்பிடுவதும், பிறகு வாந்தியெடுப்பதும் வருடக்கணக்கில் வெளியே தெரியாது. பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து மட்டும் நிஜம். அளவு மீறிச் சாப்பிட்டு வாந்தி எடுக்காமல் இருக்கும் கோளாறு, 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது. அந்தக் கோளாறோடு வருபவரின் உடல் பருமனை மட்டும் பார்த்து, ‘வாயைக் கட்டுங்க’ என்று டயட் சார்ட் நீட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பகலில் கட்டிய வாய் இரவில் மீறும். நேரத்துக்கு உண்ணப் பழக்குவதும், எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும்தான் இவர்களுக்கு உதவுகின்றன. ஜிம்முக்குப் போகும் பையன்களும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். ஆண்பிள்ளைக்கு இது வருமா என்று வீடு நம்ப மறுப்பதில் அவர்களுக்கு மாதங்கள் வீணாகின்றன.

மனநல மருத்துவர், உளவியலாளர், டயட்டீஷியன் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் இடங்கள் நகரத்தில் குறைவு. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு 14416 என்ற எண்ணைத் தருகிறேன். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம்.

எடை ஏறி மாதவிடாய் திரும்பியதும் பல குடும்பங்கள் வருவதை நிறுத்திவிடுகின்றன. மனம் அதற்குப் பல மாதங்கள் பின்னால்தான் வரும். தேர்வு, காதல் முறிவு, ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட மறுபடி இழுத்துவிடும். அந்த ஓட்டுநர் அப்பா மட்டும் நேராகக் கேட்டார், “எப்ப மேடம் நான் எழுந்துக்கலாம்?” ஒரேயடியாக எழ வேண்டாம் என்றேன். முதலில் சாயங்காலச் சுண்டலை அவள் தனியாகச் சாப்பிடட்டும். இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் கல்லூரி மதியச் சாப்பாடு. இரவுச் சாப்பாட்டைக் கடைசியில் விடலாம். பையிலிருந்து டிரிப் ஷீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.