இலுப்பைப் பூ விழும் நேரம்

மரத்து சார் காலமான செய்தி தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. சிங்கப்பூரில், தோ பாயோவில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அந்த மாதத்தில் இங்கே ஏழு மணி ஆனாலும் சரியாக விடிந்திருக்காது. நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் தூங்குமூஞ்சி மரம் இன்னும் இலைகளை மூடிக்கொண்டுதான் இருந்தது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்ததையும் விட்டேன். வெளிச்சம் வரவர இலைகள் மெல்லப் பிரிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கு அவருக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அதுதான்.

அவர் பெயரை எழுதத் தேவையில்லை. 1980களில் நம் பள்ளியில் படித்த யாருக்கும் ‘மரத்து சார்’ என்றால் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தார். பிரம்பு கொண்டுவர மாட்டார். கையில் ஒரு சுள்ளியோ, காயோ, பட்டைத் துண்டோ இருக்கும். கடைசி மணி அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்து நாம் ஓடுகிற ஓட்டத்தில், அவர் மட்டும் வேம்படியில் அண்ணாந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம்.

1986 ஜூன் மாதம் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு மரம் கொடுத்தார். வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழியில் நிற்கும் மரமாக இருக்க வேண்டும். வாரம் ஒருநாள் நின்று பார்த்து, பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குப் பூவரசு கிடைத்தது. காலையில் மஞ்சளாக விரிந்த பூ மறுநாளைக்குள் சிவந்து சுருண்டுவிடுகிறது என்று அவன் முதல் மாதமே எழுதிவிட்டான். எனக்கு ஊருணிக்கரை இலுப்பை. பெரிய மரம், கறுத்த பட்டை. அதைத் தாண்டித்தான் தினமும் போய்வந்தேன். ஆனால் நின்று பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு விளக்கடியில் உட்கார்ந்து, ‘இந்த வாரம் இலைகள் பசுமையாக இருந்தன’ என்று எழுதுவேன். எழுதுவதற்கு எதுவும் இல்லாமல் போன ஒரு வாரத்தில், கார்த்திகை மாதம் என்று நினைக்கிறேன், ‘மரம் முழுக்கப் பூத்திருக்கிறது, வண்டுகள் மொய்க்கின்றன’ என்று எழுதிவிட்டேன்.

நோட்டைத் திருத்தும்போது சார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் மதியம் வகுப்பு முழுவதையும் ஊருணிக்கு நடத்திக்கொண்டு போனார். நாற்பது பேர். மரத்தடியில் நிறுத்தி என்னை முன்னால் கூப்பிட்டார்.

“பூவைக் காட்டுடா தம்பி, எல்லாரும் பாக்கட்டும்.”

மேலே பார்த்தேன். இலை மட்டும்தான். “இருந்துச்சு சார், கொட்டிருச்சு” என்றேன். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். நாற்பது பேரும் குனிந்து பார்த்தார்கள். அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்ததும் சார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“பொய் எழுதினதுகூடப் பரவால்லடா. ஆறு மாசமா இது உன்னைத் தினம் பாக்குது. நீ ஒருநாள்கூட இதைப் பாக்கலையே.”

அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். பூக்கிற வரைக்கும் தினமும் காலையில் மரத்தடிக்குப் போய்விட்டு அப்புறம் பள்ளிக்கு வரச் சொன்னார். திரும்பி வரும்போது எல்லோருக்கும் பின்னால் நடந்தேன். அவர்மேல் அவ்வளவு கோபம்.

அந்தக் கோபத்தோடுதான் தினமும் போனேன். மார்கழி முழுக்க ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு நின்ற நாட்களில்தான் கண் பழகியது. இலைகள் கிளை நெடுக இல்லாமல் நுனியில் கொத்தாகக் கூடி நிற்பது தெரிந்தது. ஓர் இலையைக் கிள்ளினால் பால் வந்தது. மாசியில் இலைகள் உதிர்ந்தன. வானத்துக்கு எதிராகக் கிளைகளின் முழு வடிவமும் தெரிந்தபோது, இத்தனை நாளும் எதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன் என்று திகைத்துப்போனேன். பிறகு நுனிகளில் துரு நிற மொட்டுகள், பக்கத்தில் செம்பு நிறத்தில் இளந்தளிர்.

பங்குனியில் ஒரு விடியற்காலை, மரத்துக்கு இன்னும் இருபது அடி இருக்கும்போதே வாசனை வந்தது. இனிப்பும் புளிப்புமாக ஒரு கனத்த வாசனை. வௌவால்கள் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. தரையெல்லாம் பூ. வெளிர் மஞ்சளில், சதைப்பற்றோடு, குண்டு குண்டாக. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். பனியில் சில்லென்று இருந்தது. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நடுவில் ஓட்டை. அண்ணாந்து பார்த்தால், பூ கழன்று விழுந்த இடத்தில் எல்லாம் ஊசி மாதிரி ஒரு தண்டு மட்டும் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தது. பூ தன்னைத் துளைத்து நின்றதை விட்டுவிட்டு வழுகி இறங்குகிறது. நாற்பது பேரோடு தேடினேனே, அன்றைக்குக் காட்ட இதுதான் இல்லாமல் போயிற்று.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று எங்கள் அப்பத்தா யாரையாவது குறைத்துப் பேசும்போது சொல்வார்கள். அன்றைக்குத்தான் அதை வாயில் போட்டுப் பார்த்தேன். நிஜமாகவே சர்க்கரை.

கைக்குட்டையில் அள்ளிக்கொண்டு நேராக சார் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பூவை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அந்த ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தார். என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு அதை வாயில் போட்டுக்கொண்டு, “சரி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, கிளம்பு” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசவில்லை.

அந்தக் கோடையில் சில சனிக்கிழமைகளில் எங்களில் நாலைந்து பேரை அழைத்துப் போவார். பிள்ளையார்பட்டியின் பழைய பெயர் மருதங்குடி என்பதையும், அங்கே தல மரம் மருதம் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வழவழப்பான அதன் பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காரைக்குடி என்ற பெயரே காரைச் செடியிலிருந்து வந்தது என்பார்கள். இலுப்பைக்குடியும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரில் மரம் இருக்கிறது, ஊரில் இருக்கிறதா என்று கேட்பார். ஒருமுறை ஒரு செட்டியார் வீட்டு வளவில் தேக்குத் தூண்களைக் காட்டினார். எல்லோரும் வேலைப்பாட்டைத்தான் பார்த்தோம். அவர் தூணில் கையை வைத்துக்கொண்டு, இதுவும் பர்மாக் காட்டில் இலை விட்டு நின்ற மரம்தானே, யானை இழுத்து, ஐராவதி ஆற்றில் தெப்பமாக மிதந்து, ரங்கூனில் கப்பல் ஏறி வந்ததல்லவா என்றார். வேறொரு தூணைத் தட்டாமல் தடவிவிட்டு வெளியே வந்தார்.

1994இல் நான் சிங்கப்பூர் வந்தேன். விமான நிலையத்திலிருந்து வருகிற சாலையில் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் குடை விரித்து நிற்பதைப் பார்த்ததுமே சாரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதிலிருந்து முப்பது வருடமாக அவருக்குச் சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே இருந்தன. மலாய்க்காரர்கள் இந்த மரத்தை ‘மணி ஐந்து’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள் சார், நாம் தூங்குகிறது என்றோம், அவர்கள் கடிகாரம் என்றார்கள். அங்சானா என்று ஒன்று இருக்கிறது, நம் வேங்கைக்குச் சொந்தம், வறட்சிக்குப் பிறகு மழை பெய்தால் ஒரே நாளில் பூத்து மறுநாள் நடைபாதையெல்லாம் மஞ்சளாக்கிவிடும். துப்புரவுத் தொழிலாளி பெருக்குவதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும். இங்கே ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து டாலர், நோட்டில் ஒரு தெம்புசு மரம் அச்சடித்திருக்கிறது, தாவரவியல் பூங்காவில் நிற்கும் நிஜ மரம், டீக்குக் காசு கொடுக்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வரும். லீ குவான் யூ 1963 ஜூன் 16இல் ஒரு மெம்பாட் கன்றை நட்டு இந்த ஊரில் மரம் நடும் வேலையைத் தொடங்கி வைத்தார் சார். அடுக்குமாடி வீட்டு ஜன்னலைத் திறந்தால் மரத்தின் தலை தெரிகிறது, கீழே நின்று அண்ணாந்தே பழகிய எனக்கு அது புதுசு.

ஒன்றையும் சொல்லவில்லை. ஏழு முறை ஊருக்குப் போனேன். கல்யாணம், காதுகுத்து, பத்திரப்பதிவு என்று நாள் போய்விடும். 2014இல் ஆட்டோவில் போகும்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். கையில் மஞ்சள் பை. சாலையோரத்துப் புங்கை புதுத்தளிர் விட்டு மினுமினுத்துக்கொண்டிருந்தது, அதைத்தான் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். திருச்சியில் இரவு விமானம். அடுத்த முறை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

நம்மில் பலர் வெளியூர் வந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. எனக்கும் உண்டு. வீட்டுக் கடன் அடைந்தது, தங்கைகள் கரையேறினார்கள். ஆனாலும் முப்பது பங்குனிகள் அந்த மரம் பூத்துக் கொட்டியிருக்கிறது, நான் பார்க்கவில்லை. அதற்கு ஈடாக எதையும் என்னால் காட்ட முடியாது.

போன வாரம் ஊரில் இருக்கும் தங்கை மகனைப் போனில் கூப்பிட்டேன். கல்லூரியில் படிக்கிறான், நல்ல பையன். விடியற்காலை ஊருணிக்கரைக்குப் போய் இலுப்பை பூத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். மறுநாள் அங்கிருந்தே கூப்பிட்டான்.

“மாமா, இங்க நாலஞ்சு மரம் நிக்குது. எது இலுப்பைன்னு தெரியலையே.”

“போனைப் பாக்கெட்ல வையி. மரத்துக்குப் பக்கத்துல போ. ஒரு இலையைக் கிள்ளி, பால் வருதான்னு பாரு.”

“சரி மாமா, இருங்க” என்றான். அவன் செருப்புச் சருகில் மிதிபடும் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன்.