வாயேஜரில் ஒன்பது நாள் படுக்கை

சின்ன விமானத்துக்குள் ஒரு ராத்திரி தூங்குவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு 'வாயேஜர்' விமானம்தான் ஞாபகம் வரும். பெரிய கம்பெனி எதுவும் தயாரித்ததல்ல. பர்ட் ருட்டான் வடிவமைக்க, கலிஃபோர்னியாவின் மொஹாவியில் தன்னார்வலர்கள் துணையோடு கையால் கட்டியது.

1986 டிசம்பர் 14-ல் பர்ட்டின் அண்ணன் டிக் ருட்டானும் ஜீனா யேகரும் (ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்த விமானி சக் யேகருக்கு உறவில்லை) அதில் கிளம்பினார்கள். எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றி 23-ஆம் தேதிதான் தரையிறங்கினார்கள்.

புறப்பட்டபோது இருந்த எடையில் 70 சதவீதத்துக்கு மேல் எரிபொருள்தான்! அப்புறம் மனுஷனுக்கு எங்கே இடம்? படுக்கப் போட்ட டெலிபோன் பூத் அளவு அறை. ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்திலேயே படுத்திருக்க வேண்டும். இடம் மாற ஒருவர் மேல் ஒருவர் ஊர்ந்துதான் போகணும். எழுந்து நிற்பது நடக்காத காரியம். காதைப் பிளக்கும் இன்ஜின் சத்தம் வேறு. முதல் மூன்று நாட்கள் பெரும்பாலும் டிக்கே ஓட்டினார். தூக்கம் என்று சொல்லும்படி எதுவுமில்லை.

பிரேசில் பக்கம் இருட்டில் இடிமேகத்தில் சிக்கி விமானம் ஏறக்குறைய 90 டிகிரி சாய்ந்தது. கடைசி ராத்திரி பின் இன்ஜின் நின்றுபோக, அணைத்து வைத்திருந்த முன் இன்ஜினைக் கிளப்பிச் சமாளித்தார்கள். அதற்குள் உயரம் நிறைய போய்விட்டது.

பாத்ரூம்? அதை மட்டும் கேட்காதீங்க.